சகலையின் வண்டிக்கு நான் சுற்றிய பூசணிக்காய்

ஆயுத பூஜை அன்று வண்டிக்குச் சுற்றிப் போடுகிற பூசணிக்காயை என் சகலை ஒரு வருஷம்கூடத் தன் கையால் சுற்றியது கிடையாது. கும்மிடிப்பூண்டி சிப்காட் கேட்டுக்கு எதிரே புங்கமரத்தடியில்தான் எங்கள் லோடு வண்டி ஸ்டாண்டு. அன்றைக்குக் காலையிலேயே எல்லா வண்டியையும் கழுவித் துடைத்து, கண்ணாடியில் சந்தனம் வைத்து, சாமந்தி மாலை போட்டு, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி நிறுத்தியிருப்போம். அவர் வெள்ளைப் பூசணியில் ஓட்டை போட்டுக் குங்குமத்தைக் கொட்டி, மேலே கற்பூரத்தைக் கொளுத்தி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நேராக என்னிடம் வருவார். ஸ்டாண்டே பார்த்துக்கொண்டிருக்கும். "உன் கண்ணுதான் சகல இந்த ஸ்டாண்டுலயே பெரிய கண்ணு. யாரு கண்ணு படுதோ அவங்களே சுத்திப் போட்டாத்தான் அது கழியும். புடி" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே வாங்கி, கற்பூரச் சூடு முகத்தில் அடிக்க, அவருடைய பிக்கப் வண்டியை மூன்று தரம் சுற்றி வந்து நடுரோட்டில் போட்டு உடைப்பேன். அவர் சொன்னது விளையாட்டுக்காக என்று எல்லாரும் நினைத்தார்கள். அது நிஜம் என்பது எனக்கும் அவருக்கும் தெரியும்.

ஆமாம், எனக்குப் பொறாமைதான். இதில் மறைக்க என்ன இருக்கிறது? அந்த வண்டி ஸ்டாண்டுக்குள் திரும்பும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். சோடாவைக் குடித்தாலும் அடங்காது.

அவர் என் மனைவியின் அக்கா புருஷன். பள்ளிப்பட்டுப் பக்கத்தில் ஒரே வீட்டில் பெண்ணெடுத்தோம், அவர் மூத்தவளை, நான் இளையவளை. எங்கள் இரண்டு பேருடைய அப்பன்களும் அடுத்தவன் நிலத்தில் நாற்று நட்டவர்கள்தான். நாங்கள் இரண்டு பேரும் கம்பெனிக்குள் கான்ட்ராக்ட் லேபராகப் போய் இரும்பு சுமந்தவர்கள். அதனால் எங்களுக்குள் ஏற்றத்தாழ்வு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எதையும் அவர் முதலில் செய்துவிடுவார். கம்பெனி வேலையை விட்டு வெளியே வந்தது அவர் முதலில். லைசென்ஸ் எடுத்தது அவர் முதலில். அவர் பழைய ஆட்டோ ஒன்றில் லோடு அடித்ததைப் பார்த்துத்தான் நான் குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டியை வாங்கினேன். அப்பாடா, இந்த ஒரு தரமாவது இவரைத் தாண்டிவிட்டோம் என்று நான் மூச்சு விட்டு முடிப்பதற்குள், ஷோரூமிலிருந்து நேராகப் புதுப் பிக்கப்பை, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கொண்டுவந்து என் வண்டிக்குப் பக்கத்திலேயே நிறுத்தினார்.

பக்கத்தில் பக்கத்தில் நின்றதுதான் பேஜாராகப் போய்விட்டது. தனியாக நின்றிருந்தால் என் வண்டி நல்ல வண்டி. அதன் பக்கத்தில் நின்றபோது என்னுடையது ஏதோ அதற்குப் பிறந்த குழந்தை மாதிரி இருந்தது. என் கேபினில் இரண்டு பேர் உட்காரலாம், அதுவும் இரண்டு பேரும் ஒல்லியாக இருந்தால். முட்டி போய் டேஷ்போர்டில் இடிக்கும். முதுகுக்குப் பின்னால் உடனே தகரம். சாய வேண்டும் என்றால் மனசுக்குள்தான் சாய்ந்துகொள்ள வேண்டும். இஞ்சின் சீட்டுக்கு அடியிலேயே இருப்பதால் சித்திரை மாதத்தில் பொன்னேரி வரை போய் வந்தால் உட்கார்ந்த இடம் வெந்துவிடும். அவருடைய கேபினில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். இஞ்சின் முன்னால் மூக்குக்குள் போய்விட்டதால் சீட்டில் சூடே கிடையாது. ஏசி உண்டு. ஸ்டியரிங்கை ஒற்றை விரலால் திருப்பலாம். பாடியும் நீளம், அகலம். கம்பெனிக்காரன் பலகை மேல் அடுக்கிக் கொடுக்கிற சரக்கு அதில் அளவெடுத்தாற்போல உட்காரும். என்னுடையதில் வைத்தால் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் கொஞ்சத்துக்காகவே நல்ல நல்ல லோடெல்லாம் அவருக்குப் போனது.

எல்லாவற்றையும்விட எனக்கு ஆகாதது அந்தச் சீட்டின் பக்கவாட்டில் இருந்த ஒரு சின்னக் கைப்பிடி. அதைத் தூக்கினால் சீட்டு பின்னால் சாயும். லோடு கிடைக்காத மத்தியான நேரங்களில் அவர் கதவைச் சாத்தி, ஏசியைப் போட்டு, அந்தக் கைப்பிடியைத் தூக்குவார். சீட்டு மெதுவாகப் பின்னுக்குப் போகும், கூடவே அவரும் போவார். கண்ணாடி வழியாக அவருடைய தொப்பையும் மீசையும் மட்டும் தெரியும். நான் புங்கமரத்தடியில் கல்லின் மேல் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டு அதைப் பார்ப்பேன். பார்க்கக் கூடாது என்று திரும்பி உட்கார்ந்தாலும் முதுகுக்குப் பின்னால் அந்த 'டக்' என்கிற சத்தம் கேட்கும்.

ஒரு வருஷம் ஆடிக் கிருத்திகைக்குக் குடும்பத்தோடு திருத்தணி போனோம். மாமியார் வீட்டு வழக்கம் அது. பள்ளிப்பட்டிலிருந்து அவர்கள் பஸ்ஸில் வந்துவிடுவார்கள், நாங்கள் கும்மிடிப்பூண்டியிலிருந்து பாத்திரம் பண்டம், அரிசி பருப்போடு போய் மலைக்குக் கீழே சமைத்து எல்லாருக்கும் போடுவோம். இரண்டு வண்டியும் கிளம்பின. என் மனைவி அப்போது முழுகாமல் இருந்தாள், ஆறு மாசமோ என்னவோ. காலையிலேயே எழுந்து என் வண்டியின் முன் சீட்டைத் துடைத்து, மேலே ஒரு போர்வையை நாலாக மடித்துப் போட்டு, ஒரு தலையணையும் வைத்திருந்தேன். அவள் வந்தாள். என் வண்டியின் கதவைத் திறந்தாள். சீட்டைத் தொட்டுப் பார்த்தாள். பக்கத்தில் பிக்கப் உறுமிக்கொண்டு நின்றது, அவள் அக்கா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து வாடி என்று கையைக் காட்டினாள்.

"கோச்சிக்காதய்யா. அதுல சாஞ்சிக்கினு போலாம். இதுல முதுகு புட்டுக்கும்" என்று சொல்லிவிட்டு, தலையணையை மட்டும் எடுத்துக்கொண்டு போய் அதில் ஏறிவிட்டாள்.

அவள் சொன்னதில் ஒரு தப்பும் கிடையாது. வயிற்றுப் பிள்ளைக்காரி வேறு எப்படிப் போவாள்? எனக்கு அது தெரியாதா என்ன? ஆனாலும் திருவள்ளூர் தாண்டி திருத்தணி வரை அந்த வண்டியின் பின்னாலேயே நான் ஓட்டிப் போனது இன்றைக்கும் மறக்கவில்லை. பின் கண்ணாடி வழியாக மூன்று தலை தெரிந்தது. ஓரத்தில் என் மனைவி தலை, நடுவில் அக்கா தலை, ஸ்டியரிங்கில் அவர் தலை. ஏதோ பேசிச் சிரிக்கிறார்கள். என் வண்டியில் நானும், பக்கத்துச் சீட்டில் இட்லிக் குண்டானும். ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் பின்னால் அண்டாவும் கரண்டியும் அடித்துக்கொண்டன. திருவாலங்காடு போகிற ரோடு பிரிகிற இடத்துக்கு வரும்போது என் மனைவி தலை பின்னால் சாய்ந்துவிட்டது. தூங்கிவிட்டாள். என்னோடு வந்து அவள் வண்டியில் ஒருநாளும் தூங்கியதில்லை.

என் மனைவி என் வண்டியில் இப்படிச் சாய்ந்து தூங்கிக்கொண்டு வர வேண்டும் என்பதுதான் அன்றைக்கு நான் முருகனிடம் கேட்டது. வேறு எதையும் கேட்கவில்லை. கேட்டது நடக்கும்வரை வாய் சும்மா இருக்குமா? வீட்டில் உட்கார்ந்தால் அந்த வண்டியைப் பற்றித்தான் பேச்சு. அவ்வளவு பெரிய வண்டியை வைத்துக்கொண்டு என்ன லாபம், டீசல் குடிக்கிறது எவ்வளவு, ஆர்.கே.பேட்டை சந்தைத் தெருவுக்குள் அது திரும்புமா, என்னுடையது பூனை மாதிரி நுழைந்து வரும், டயர் மாற்றினால் அவர் அழுவார், நான் சிரிப்பேன் என்று வக்கீல் மாதிரி வாதாடுவேன். கணக்குப் பார்த்தால் நான் சொன்னதெல்லாம் சரிதான். போட்ட பணத்துக்கு என் வண்டிதான் அதிகமாக உழைத்தது. என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இவ்ளோ நேரம் நீ அந்த வண்டிய பத்திதான பேசிக்கினு கீற" என்பாள். அதோடு எனக்குச் சோறு இறங்காது.

இந்த எரிச்சலில்தான் அந்தக் கூத்தைச் செய்தேன். கவரைப்பேட்டையில் பாடி கட்டுகிற பட்டறை ஒன்று இருந்தது. அங்கே கொண்டுபோய் என் குட்டி யானையின் பாடியைப் பின்னால் இழுத்துக் கட்டச் சொன்னேன். பட்டறைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, வேணாம் நைனா, வண்டிக்கு நல்லதில்ல என்றார். நான் கேட்கவில்லை. சகலையின் பிக்கப்புடைய நீளத்தை ஏற்கெனவே ஆள் இல்லாத நேரத்தில் கயிறு போட்டு அளந்து வைத்திருந்தேன். அந்தக் கயிற்றையே கொடுத்தேன். கட்டி முடித்து மஞ்சள் பெயிண்டு அடித்து வெளியே எடுத்தபோது எனக்கு என்னவோ நானே வளர்ந்த மாதிரி இருந்தது.

முதல் லோடு இரும்புக் கம்பெனியில். ஆங்கிள் இரும்புக் கட்டு. நான் பெருமையாக கேபினில் உட்கார்ந்து, சகலை வண்டி எங்கே நிற்கிறது, அவர் பார்க்கிறாரா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஃபோர்க்லிஃப்ட்காரன் கட்டைக் கொண்டுவந்து, நான் புதுசாக நீட்டின அந்தக் கடைசியிலேயே வைத்துவிட்டான். எனக்கு முன்னால் கம்பெனியின் காம்பவுண்டு சுவர் தெரிந்தது. பிறகு தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. பிறகு வெறும் ஆகாயம் தெரிந்தது. முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டுக் கிளம்பி, வண்டி பின்னங்காலில் குந்திக்கொண்டது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மல்லாந்து கிடந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக என் வண்டியில் நான் சாய்ந்து உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

லோடுமேன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சூப்பர்வைசர் படமெடுக்கச் செல்போனைத் தூக்கிவிட்டான். அப்போது யாரோ ஓடி வருகிற சத்தம் கேட்டது. சகலைதான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்தரத்தில் நின்ற என் வண்டியின் பம்பரை எம்பிப் பிடித்து, தன் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கினார். சக்கரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. இறங்கினதும் பம்பர் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டு, "ஒயுங்கா பின்னாடி எறக்குங்கடா, நான் எந்திரிக்க மாட்டேன்" என்று கத்தினார். கட்டு முழுக்க இறங்கும்வரை வெயிலில் அப்படியே உட்கார்ந்திருந்தார். வைப்பர் குச்சியைப் பிடித்திருந்தார், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. சட்டை நனைந்துவிட்டது. என் முகத்தை அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்புறம் டீக்கடைக்குக் கூட்டிப்போய் வடையும் டீயும் வாங்கிக் கொடுத்தார். நீட்டின பாடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மாமியார் வீட்டிலும் அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் மனைவி என்னிடம் கேட்காமல் இருக்க மாட்டாள்.

இதற்கு நான் நன்றி நினைத்திருக்க வேண்டும் இல்லையா? எனக்கு இன்னும் எரிந்தது. வண்டிதான் பெரிசு என்றால் மனசுமா பெரிசாக இருக்க வேண்டும்? ஏதாவது ஒன்றில் அந்த ஆள் என்னைவிடக் கொஞ்சம் மட்டமாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும். அந்த வருஷ ஆயுத பூஜைக்குப் பூசணிக்காயை என் கையில் கொடுத்தபோது, "கயிறு போட்டு அளந்த கண்ணு, சும்மாவா" என்று என் காதருகே மட்டும் சொன்னார். எப்படித் தெரிந்ததோ.

பிறகு சில வருஷங்கள் இப்படியே போயின. எனக்குப் பையன் பிறந்து பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தான். பாடியைப் பழையபடி வெட்டிக் குறுக்கிக்கொண்டேன். அவருடைய பிக்கப்பும் கொஞ்சம் பழசானது, ஆனாலும் என் கண்ணுக்கு அது பழசாகவில்லை.

அன்றைக்குப் பங்குனி வெயில். ஒரு கம்பெனி கேட்டில் லோடு இறக்க வரிசையில் நின்றோம். அவர் வண்டி முன்னால், என் வண்டி பின்னால். உள்ளேயிருந்து கூப்பிட்டால்தான் போக வேண்டும். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியில் இருந்தார். என் கேபினில் நான் துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவருடைய சைடு கண்ணாடியில் முகம் தெரிந்தது. சீட்டைச் சாய்த்துக்கொண்டு, கண்ணை மூடி, வாயை லேசாகத் திறந்து, சுகமாகக் கிடந்தார். நான் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். குடுத்து வைத்த மனுஷன், நாம் இங்கே வெந்து சாகிறோம் இவர் எப்படித் தூங்குகிறார் பார், என்றுதான் நினைத்தேன். உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். அவர் வண்டி நகரவில்லை. செக்யூரிட்டி விசில் ஊதிவிட்டு, கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துச் சிரித்தான். உங்க ஆளு நல்லா தூங்கறாரு, நீ போறியா என்று என்னிடம் கேட்டான். தூங்கட்டும் விடு என்று சொல்லிவிட்டு, சுவருக்கும் அவர் வண்டிக்கும் நடுவில் இருந்த சந்தில் என் வண்டியை நுழைத்தேன். பெரிய வண்டியால் முடியாது, என்னுடையதால் முடிந்தது. அவரைத் தாண்டும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

லோடு இறக்கிவிட்டு வெளியே வந்தேன். இன்னா சகல, இன்னிக்கு நான்தான் ஃபர்ஸ்ட்டு என்று சொல்ல வேண்டும் என்று வாயிலேயே வைத்துக்கொண்டு போய் அவர் கதவைத் திறந்தேன். ஏசிக் காற்று ஜில்லென்று முகத்தில் அடித்தது. அவர் அப்படியேதான் இருந்தார். ஒரு கை மடியில் கிடந்தது. இன்னொரு கை அந்தக் கைப்பிடியின் மேல் இருந்தது. தொட்டேன். காற்றைவிட ஜில்லென்று இருந்தது.

சீட்டைச் சாய்த்த அந்த நிமிஷத்திலேயே நெஞ்சு நின்றிருக்கும், வலிகூடத் தெரிந்திருக்காது, பக்கத்திலேயே ஆள் இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சாவு வீட்டில் வந்தவர்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள். நல்ல சாவு, படுக்கவில்லை, இழுக்கவில்லை, தூக்கத்திலேயே போய்விட்டார் என்றார்கள். என் அப்பன் பாயில் மாசக்கணக்கில் கிடந்து புண் வைத்துச் செத்தவன். நான் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு அவருடைய காலடியில் நின்றேன். அழுதேன். பொய்யழுகை இல்லை, தேம்பித் தேம்பித்தான் அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே உள்ளே ஒரு குரல், சாவுகூட இந்த மனுஷனுக்கு ஏசியில் சாய்ந்துகொண்டு வந்திருக்கிறது பார், என்றது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சாவின் மேலும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

கூட்டத்தில் ஒரு கிழவி, எந்தப் பாவி கண்ணு பட்டுச்சோ என்று மாரில் அடித்துக்கொண்டாள். அவளுக்கு என்னைத் தெரியவே தெரியாது. ஸ்டாண்டு ஆட்கள் எல்லாரும் அங்கேதான் நின்றார்கள். ஒருத்தரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வருஷா வருஷம் என் கையில் பூசணிக்காயைக் கொடுத்தபோது சிரித்தவர்கள் அவர்கள். அன்றைக்கு எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்குப் பயமாக இருந்தது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. கண்ணை மூடினால் சைடு கண்ணாடியில் அவர் முகம் வந்து நின்றது, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

காரியம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து மனைவியின் அக்கா என்னைக் கூப்பிட்டனுப்பினாள். அவர்களுக்கு ஒரே பெண், நர்ஸ் படிப்புப் படிக்கிறாள். வண்டி வாசலில் மாலை காய்ந்துபோய் நின்றது. வெளி ஆள் கைக்கு அது போகக் கூடாது, நீ எடுத்துக்கொள், மெதுவாகக் கொடுக்க வேண்டியதைக் கொடு என்றாள். எனக்கு அது இடி விழுந்த மாதிரி இருந்தது. வேணாம் அக்கா, நான் அந்த வண்டியைத் தொட மாட்டேன், ஊர் என்ன பேசும் என்றேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னா பேசும் தம்பி? நீ கண்ணு வெச்சிட்டன்னா? அது அவருக்குத் தெரியாதா? ஊட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. 'இந்த ஊர்ல எவன்டி என்னத் திரும்பிப் பாக்கறான்? சகல ஒருத்தன்தான் நான் வண்டிய திருப்பும்போதுலாம் பாக்கறான். அவன் பாக்கறதுக்காகவே நான் ஒரு ரவுண்டு சேத்து அடிச்சிட்டு நிறுத்துவேன்'னு சொல்வாரு."

நான் அங்கேயே வாசலில் உட்கார்ந்துவிட்டேன். ஆமாம், ஸ்டாண்டுக்குள் வந்ததும் நேராக நிறுத்தாமல் புங்கமரத்தை ஒரு சுற்று சுற்றித்தான் நிறுத்துவார். திமிர் என்று நினைத்திருந்தேன்.

வண்டி என் வீட்டுக்கு வந்தது. குட்டி யானையைத் தண்ணி கேன் போடுகிற ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். பிக்கப்பில் முதல் தடவை ஏறி உட்கார்ந்தபோது சீட்டு அவர் சாய்த்த மாதிரியே கிடந்தது, கம்பெனியிலிருந்து வீட்டுக்கு ஓட்டி வந்த ஸ்டாண்டு ஆள்கூட அதை நிமிர்த்தவில்லை. ஒரு கையால் அந்தக் கைப்பிடியைத் தூக்கிச் சீட்டை நிமிர்த்தினேன். அதற்குப் பிறகு அதை நான் தொட்டதில்லை. முதுகை நேராக வைத்துக்கொண்டுதான் ஓட்டுகிறேன். இத்தனை வருஷம் எதற்காக ஏங்கினேனோ அது கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது, கைதான் போக மாட்டேன் என்கிறது. ஏசியும் போடுவதில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, வேர்த்து வழிந்துகொண்டு போகிற என்னைப் பார்த்து ஸ்டாண்டில் கஞ்சன் என்கிறார்கள்.

போன ஆடிக் கிருத்திகைக்கு இந்த வண்டியில்தான் திருத்தணி போனோம். என் மனைவி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். திருவள்ளூர் தாண்டினதும் அவள் தலை மெதுவாகப் பின்னால் சாய்ந்தது. கண் மூடியது. வாய் லேசாகத் திறந்தது. முருகனிடம் நான் கேட்டது அப்படியே, ஒரு எழுத்து மாறாமல் நடந்தது. வண்டியை ஓரங்கட்டி அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். பதறிப்போய் எழுந்து, என்ன என்னவென்று கேட்டாள். ஒன்றுமில்லை, பேசிக்கொண்டே வா என்றேன். என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அதிலிருந்து திருத்தணி வரை கண்ணை மூடிக்கொண்டாலும், கொஞ்ச தூரத்துக்கு ஒரு தரம், "தூங்கலய்யா, முழிச்சிக்கினுதான் கீறேன், நீ ஓட்டு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

இந்த வருஷ ஆயுத பூஜையும் வந்தது. வண்டியைக் கழுவினேன். சந்தனம் வைத்தேன், மாலை போட்டேன். அவர் செய்கிற மாதிரியே பூசணிக்காயில் ஓட்டை போட்டு, குங்குமம் கொட்டி, கற்பூரத்தைக் கொளுத்தி இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நின்றேன். ஸ்டாண்டு முழுக்கப் பார்த்தேன். யாரிடம் கொடுப்பது? ஒருத்தன் டயரைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஒருத்தன் செல்போனில் பேசிக்கொண்டிருந்தான். இந்த வண்டிக்குப் பக்கத்திலேயே புதுசு புதுசாகப் பெரிய வண்டிகள் வந்து நின்றுவிட்டன. என் வண்டியைப் பார்த்து வயிறெரிய ஒருத்தனும் அங்கே இல்லை. கற்பூரம் உருகி விரலில் வழிந்தது.

நானே சுற்றினேன். ஒரு சுற்று சுற்றி வருவதற்குள் பக்கத்து வண்டிக்காரன், "இன்னாண்ணா, சொந்த வண்டிக்கு யார்னா சொந்தமா சுத்துவாங்களா? கண்ணு எப்பிடிக் கழியும்?" என்றான்.

"சொந்த வண்டி இல்லப்பா, இது அவரு வண்டி. கண்ணுதான் என்னுது" என்று சொல்லிவிட்டு மிச்சம் இரண்டு சுற்றையும் சுற்றி முடித்து, நடுரோட்டில் போட்டு உடைத்தேன். பிறகு வண்டியில் ஏறி, சக்கரத்துக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு, புங்கமரத்தை ஒரு சுற்று சுற்றி வந்து நிறுத்தினேன். ஒருத்தரும் பார்க்கவில்லை.